இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை நிற்காமல் ஓடவைப்பது எப்படி

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பு நின்றது. ஆகவே இன்று சாலையில் தென்படும் எந்த 800-உம் பத்து வயதைத் தாண்டியதுதான். என் வீட்டில் இருப்பது 2003-இல் வாங்கியது. இதுவரை 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டவரை, பழைய காரின் எஞ்சின் தேய்ந்து நிற்பது குறைவு. சில நூறு ரூபாய் பெறும் ரப்பர் குழாயையோ மூடியையோ கவனிக்காமல் விட்டதால் எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போவதே அதிகம். கீழே எழுதுவதெல்லாம் 800-ஐ மனத்தில் வைத்து எழுதியதுதான் என்றாலும், பெரும்பகுதி எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுதிவருவது போதும். கைமாறி வந்த வண்டியாக இருந்து அதன் பழைய கதை தெரியாவிட்டால், எதுவுமே மாற்றப்படவில்லை என்று வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், கியர் ஆயில், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் ரப்பர் பட்டை) ஆகிய அனைத்தையும் முதல் மாதத்திலேயே மாற்றிவிட்டு, அந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவதே நல்லது. விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சொன்னால், ரசீதைக் காட்டும்வரை அதை நம்ப வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் அதிகக் கவனம் கேட்பது ரேடியேட்டர். மாதம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கழுத்துவரை நிற்க வேண்டும். மூடியின் அடியில் உள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, கெட்டியான மடிப்போ தென்பட்டால் மூடியை மாற்றிவிடுங்கள். அது வெறும் மூடியன்று. மேலே 0.9 (பார் என்ற அழுத்த அளவு) என்று அச்சிட்ட மூடி, குளிர்விக்கும் அமைப்புக்குள் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் போய்விட்டால் அந்த 18 டிகிரியும் போய்விடும். அடுத்து ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) நடுவிலும் கிளிப்புக்குப் பக்கத்திலும் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அழுத்தியதும் மீளும். கெட்டது பஞ்சுபோல் அமுங்கும் அல்லது உள்ளே நொறுநொறுவென்று ஒலிக்கும். ஒரு மே மாதம் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி என் வண்டி ஆவி கக்கி நின்றது. அதற்கு முந்தைய வாரம்தான் கீழ் ஹோஸ் பஞ்சாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

வண்டி சூடேறுகிறது என்று சொன்னவுடன் தெர்மோஸ்டாட்டைக் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கும் வால்வைக்) கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. இதற்கு உடன்படாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் எடுத்துக்கொள்வதால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் சுவரும் விரைவில் தேயும். சூடேறுவதற்கான உண்மையான காரணமோ, அடைத்துக்கொண்ட ரேடியேட்டராகவோ ஓடாத ஃபேனாகவோ, அப்படியே இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் குழாய்க்குள் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே முறை.

எஞ்சின் ஆயிலை வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. பால் கலந்த காபிபோல் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. அளவு குறைந்துகொண்டே வந்தால் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை ஒருமுறை வந்து அடங்கினால் வால்வு சீல் காய்ந்துவிட்டது என்று பொருள். அது சிறிய வேலை. மேடு ஏறும்போது நீலப்புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையத்தை) சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையிலும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னவுடன் தலையாட்டிவிடாமல், முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொண்டு, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. வால்வுதான் குறை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். செலவு வெகுவாகக் குறையும்.

டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். குறைவாக ஓடும் வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். கையேட்டில் சொன்ன தூரம் வராவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம்.

செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இழுக்கவில்லை என்றால் எல்லோரும் பேட்டரியைக் குறை சொல்வார்கள். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி ஓடாமல் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் செல்ஃப் முனகினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வயதாகிவிட்ட அந்த டயரை நான்குவழிச் சாலையில் நம்ப முடியாது.

பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இவற்றோடு மூன்று வேலைகள் கூடுதல்: ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவது, டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வடிப்பது, கிங் பின்னுக்கும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) கிராஸுக்கும் (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதிய கிரீஸ் அடிப்பது.

உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டையை நாடுவதில் தவறில்லை. கதவுக் கண்ணாடி, விளக்கு, சீட், பம்பர் முதலியவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், ரப்பர் குழாய் ஆகியவற்றை மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாகத் துரு. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒரு கம்பியால் அவற்றைக் குத்திவிடுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் உள்ளே அமுங்குகிறதென்றால், மேலே பட்டி போட்டு மூடாமல், அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இதைப் பதிவுப் புதுப்பிப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததும் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. காலாவதி நாளுக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், டிங்கரிங் வேலையை அதற்கும் ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.