பற்றாசு பிடிப்பதற்கு முன் உதிரிப்பாகங்களின் கால்களைத் தயார்செய்தல்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய தடையி (ரெசிஸ்ரர்), கொள்ளளவி (கப்பாசிற்றர்) போன்ற இலத்திரனியல் பாகங்கள் வீட்டு இலாச்சிக்குள் சில மழைக்காலங்களைக் கடந்திருந்தால், அவற்றின் கால்கள் (வெளியே நீளும் உலோகக் கம்பிகள்) பளபளப்பிழந்து மங்கியிருக்கும். வெள்ளவத்தை போன்று கடலையொட்டிய இடங்களில் உப்புக் காற்று இதனை விரைவுபடுத்துகிறது. உருகிய பற்றாசு (சோல்டர், அதாவது பாகங்களை இணைக்கும் கலப்புலோகம்) அந்த ஒட்சைட்டுப் படலத்தின்மேல் பரவாமல் உருண்டு நிற்கும். பற்றாசுக் கம்பிக்குள் இருக்கும் ரொசின் என்னும் பிசின் மெல்லிய படலத்தைக் கரைத்துவிடும். தடித்த படலத்துக்கு அது போதாது. பலர் பற்றாசுக்கோலின் வெப்பத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால், கூட்டிய வெப்பத்தினால் செப்புப் பட்டை சுற்றுப் பலகையிலிருந்து உரிந்து வருவதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் காலை அழிறப்பரின் மடிப்புக்குள் வைத்து, பாகத்தின் உடலிலிருந்து நுனியை நோக்கி இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டும். கறை போகாவிட்டால் மட்டும் மிக நுண்ணிய அரத்தாளை மெதுவாகப் பயன்படுத்தலாம். மலிவான பாகங்கள் பலவற்றின் கால்கள் உருக்குக் கம்பியின்மேல் மெல்லிய பூச்சு இட்டவை (காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும்). அழுத்திச் சுரண்டினால் பூச்சுப் போய், பற்றாசு பிடிக்காத உருக்கு வெளியே வந்துவிடும். பின்னர் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, அதன்பின் கால்களை விரலால் தொடாதிருப்பது நல்லது, ஏனெனில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் திரும்பவும் படிந்துவிடும். அற்ககோல் எளிதில் தீப்பற்றுவதால், சூடான கோல் அருகில் இருக்கக்கூடாது. செப்புப் பட்டைப் பலகையையும் இவ்வாறே துடைக்கலாம். குழாய் வேலைக்கு விற்கப்படும் அமில ஃபிளக்ஸை (ஒட்சைட்டுப் படலத்தைக் கரைக்கும் பசை) மட்டும் கிட்டவும் எடுக்கக்கூடாது. எஞ்சும் அமிலம் கால்களை அரித்துவிடும்.

வளைக்கும்போது, உடலுக்கும் வளைவுக்கும் இடையே காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, உடலிலிருந்து குறைந்தது 2 மில்லிமீற்றர் தள்ளி வளைக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடி உடலுள்ள இருவாயிகள் (டயோட்டுகள்) விரிசல் விடும். வளைப்பதற்கு முன் தடையியை மல்ரிமீற்றரில் அளந்துவிடுவதே பாதுகாப்பு, ஏனெனில் மங்கலான வெளிச்சத்தில் அதன் பெறுமானத்தைக் காட்டும் சிவப்பு வளையமும் செம்மஞ்சள் வளையமும் ஒன்றுபோலவே தெரியும். மின்பகு கொள்ளளவியில் பட்டையிட்ட பக்கம் எதிர்முனை (−) என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பல இழைகளைக் கொண்ட வயரின் உறையை ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் உரித்து, இழைகளை முறுக்கிச் சூடாக்கிப் பற்றாசை ஊட்ட வேண்டும். இழைகளின் வடிவம் மேலே தெரியும் அளவே போதும். திருகாணி முனையத்தில் பொருத்தப்போகும் வயருக்கு இது வேண்டாம், அழுத்தத்தில் பற்றாசு நாளடைவில் நெகிழ்ந்து திருகு தளர்ந்துவிடும். புதிய ஐசியின் (பல கால்களுள்ள ஒருங்கிணைந்த சுற்று) கால்கள் சற்று வெளிப்புறமாக விரிந்திருக்கும். ஒரு வரிசைக் கால்கள் முழுவதையும் மேசையில் சாய்த்து ஒருங்கே அழுத்தினால் அவை நேராகும். குளிரூட்டிய அறையில் காற்று உலர்ந்து உடலில் நிலைமின் எளிதில் சேர்வதால், ஐசியை அது பொதிந்துவரும் கறுப்பு நுரைப்பஞ்சிலிருந்து எடுக்குமுன் நிலத்தொடுப்புள்ள உலோகமொன்றைத் தொட்டு நமது உடலின் நிலைமின்னை இறக்கிவிட வேண்டும்.