எத்தனை எம்.எல். என்று கேட்காதீர்கள்

பிரசவம் பார்க்க ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் அம்மாக்களின் 23 கிலோ பெட்டியில் கட்டாயம் ஒரு மருந்து டப்பா இருக்கும். என் அம்மா மதுரையிலிருந்து கொண்டுவந்ததில் சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரைகல், ஓம வாட்டர், கிரைப் வாட்டர் எல்லாம் இருந்தன. அவற்றோடு 15 எம்.எல். பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒன்று. அந்தச் சின்னப் பாட்டிலால்தான் நியூ ஜெர்ஸியில் ஒரு ராத்திரி முழுக்க எமர்ஜென்சியில் உட்கார்ந்தோம். ஒரு மாதம் கழித்து 1,640 டாலருக்குப் பில் வந்தது. இன்ஷூரன்ஸ் போக எங்கள் பங்கு மட்டும் அது.

அதைச் சொல்வதற்கு முன், மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை டாக்டரைப் பிரசவத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஏழு, எட்டு மாதத்திலேயே போய்ப் பார்த்துப் பேசலாம். கிளினிக்கில் "உங்கள் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வோம்" என்பார்கள். அதை நம்பி விட்டுவிடாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்து, அந்த டாக்டர் நம் பிளானின் நெட்வொர்க்கில், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் போட்ட டாக்டர்களின் பட்டியலில், இருக்கிறாரா என்று கேளுங்கள். குழந்தை பிறந்த 30 நாளுக்குள் கம்பெனி எச்.ஆரிடம் சொல்லி இன்ஷூரன்ஸில் சேர்த்துவிட வேண்டும். பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தேதி ஓடிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு மூன்று நாளில் முதல் செக்கப். அப்புறம் ஒரு மாதம், இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது என்று போகும். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பையிலேயே அச்சடித்து இருக்கும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

நான்காம் மாத ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது நர்ஸிடம், "காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. இங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். டைலனால் என்றால் எல்லோருக்கும் தெரியும். "ஓ, டைலனாலா? கொடுக்கலாம்" என்றார். "எத்தனை எம்.எல்.?" என்றேன். குழந்தையின் எடை 14 பவுண்டு. அட்டவணையைப் பார்த்து, "இரண்டரை" என்றார். ஒரு தாளும் கையில் கொடுத்தார். அது டயப்பர் பைக்குள் போனது.

சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கணகணவென்று கொதித்தது. 101.2 டிகிரி. அம்மா ஊர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் சிரிஞ்சில் இரண்டரை எம்.எல். அளந்து, கன்னத்தின் ஓரமாக நானே கொடுத்தேன். நல்ல பிள்ளையாகக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மா பாட்டிலை விளக்கில் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, ஒரு தடவைக்கே இவ்வளவா இறங்கும்? நம்ம டாக்டர் அரை டிராப்பர், முக்கால் டிராப்பர்னுதானே சொல்லுவாரு?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் ஊர் சொட்டு மருந்தில் ஒரு எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம். இங்குள்ள குழந்தை மருந்தில் 5 எம்.எல்.லுக்கு 160 மில்லிகிராம், அதாவது ஒரு எம்.எல்.லுக்கு 32. நர்ஸ் சொன்ன இரண்டரை எம்.எல். என்பது 80 மில்லிகிராம். நான் கொடுத்தது 250. மூன்று மடங்குக்கும் மேல்.

பாட்டிலோடு வந்த டிராப்பரில் எடுத்திருந்தால் இரண்டரை முறை நிரப்பியிருக்க வேண்டும், அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஊர் மருந்து, அமெரிக்க அளவு, ஆஸ்பத்திரி சிரிஞ்சு. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் தப்பில்லை.

தூங்குகிற பிள்ளையை அள்ளிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் பாட்டிலை வாங்கி, எழுத்தைப் படித்து, ஒரு நம்பருக்கு போன் போட்டார். குழந்தையின் எடை, கொடுத்த அளவு, மருந்தின் வீரியம், கொடுத்த நேரம் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு மணி நேரம் ஆனதும் அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியபோது மணி இரண்டு.

அந்த போன் பாய்சன் கன்ட்ரோல் என்ற விஷமுறிவு ஆலோசனை மையத்துக்குப் போனது. எண் 1-800-222-1222. நாடு முழுக்க ஒரே எண், 24 மணி நேரமும் இருப்பார்கள், ஒரு பைசா வாங்க மாட்டார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கூப்பிடலாம். இந்த அளவுக்கு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அநேகமாகச் சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் டாக்டர் அடுத்த வாரம் சொன்னபோது 1,640 டாலர் கண்முன் வந்து போனது. பிள்ளை மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழுந்திருக்காவிட்டாலோ மட்டும் நேராக 911 என்ற அவசர எண். மற்றபடி முதலில் இந்த எண். பிரிட்ஜில் ஒட்டி வையுங்கள், அம்மாவின் போனிலும் ஏற்றி வையுங்கள்.

காரில் வரும்போது நான் அம்மாவைத் திட்டினேன். "யாரு இதையெல்லாம் தூக்கிட்டு வரச் சொன்னா?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாள் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும் இல்லை, "நீயே பார்த்துக்க" என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அளந்தது நான், கொடுத்தது நான், கண்டுபிடித்தது அவர். இதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்றாம் நாள் ஆனது.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை மில்லிகிராம்?" என்பதுதான். மருந்து குழந்தையின் எடைக்குத்தான், வயதுக்கு அல்ல. செக்கப்புக்கு செக்கப் எடை மாறும், அளவும் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஊர் மருந்து எதையாவது கொடுக்கப்போவதாக இருந்தால் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் ஊர் சிரப்பிலேயே 5 எம்.எல்.லுக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு வீரியம் உண்டு, லேபிள் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கெட்டியான சொட்டு மருந்து தனியாக இருந்தது. தாய் தகப்பன்கள் இப்படித்தான் குழம்பினார்கள் என்று 2011ல் கம்பெனிகள் அதைக் கைவிட்டு, குழந்தை மருந்து எல்லாவற்றையும் 5 எம்.எல்.லுக்கு 160 மில்லிகிராம் என்று மாற்றின. இங்கே வளர்ந்த நர்ஸுக்கு இரண்டு வீரியம் என்ற நினைப்பே வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

இரண்டாவது கேள்வி, எந்தக் காய்ச்சலுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி வந்தால் ராத்திரி மூன்று மணியானாலும் கூப்பிட வேண்டும். அந்த வயதில் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்பதெல்லாம் கிடையாது. "நெற்றியில் கை வைத்தாலே தெரியும்" என்று அம்மா சொல்வார், தெரியும்தான், ஆனால் இவர்களுக்கு நம்பர் வேண்டும், அதுவும் ஆசனவாயில் வைத்துப் பார்த்த நம்பர். கிளினிக் மூடிய பிறகு யார் போனை எடுப்பார்கள் என்பதையும் முதல் செக்கப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிய பழக்கத்தில் நாம் இதைக் கேட்பதே இல்லை.

மூன்றாவதைக் கேள்வி என்பதைவிட ஒப்புதல் வாக்குமூலம் என்றே சொல்லலாம். உரை மருந்து, கிரைப் வாட்டர், கண்மை என்று வீட்டில் என்ன செய்கிறீர்களோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று நானும் மறைத்தேன். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, ஆறு மாதத்துக்குள் தண்ணீர் தேவையில்லை, இந்த இரண்டில் டாக்டர் இறங்கி வரவே மாட்டார். கண்மையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் நிறுத்தச் சொன்னார். நியூ ஜெர்ஸியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் பார்ப்பது சட்டமே. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் சிரித்தபடி தலையாட்டினார். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதவரை சரியாம். அம்மாவுக்கு அன்று ஒரு சின்ன வெற்றி.

குழந்தையோடு ஊருக்குப் போவதாக இருந்தால் டிக்கெட் போட்டதுமே டாக்டரிடம் சொல்லுங்கள். இங்கே தட்டம்மை ஊசி வழக்கமாக ஒரு வயதில்தான். வெளிநாடு போகும் குழந்தைக்கு ஆறு மாதத்திலேயே ஒரு டோஸ் போடுவார்கள், நாம் கேட்டால்.

ஆறாம் மாத செக்கப்பில் இபுபுரோஃபென் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதற்கு முன் அந்த மருந்து கூடாது. இனி கொடுக்கலாம் என்றவரிடம் எத்தனை மில்லிகிராம் என்றேன். பதில் சொல்லிவிட்டு, எந்தப் பாட்டில் வாங்கப்போகிறீர்கள் என்று அவரே திருப்பிக் கேட்டார். இந்த மருந்தில் இங்கேயே இரண்டு வீரியம் இருக்கிறதாம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1.25 எம்.எல்.லுக்கு 50 மில்லிகிராம், பெரிய பிள்ளைகளின் சிரப்பில் 5 எம்.எல்.லுக்கு 100. கடையில் இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, போய்ப் பார்த்தேன்.