அல்டடீனாவில் கீரை விதைக்கும் முன் மண்ணைச் சோதியுங்கள்

2025 ஜனவரியில் ஈட்டன் காட்டுத்தீ, கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே உள்ள எங்கள் அல்டடீனாவில் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது. எங்கள் பகுதி வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவை. அந்தப் பெயின்ட்டும் பேட்டரிகளும் சாம்பலாகிக் காற்றோடு பரவின. வீடு தப்பித்தவர்கள் மண்ணும் தப்பித்தது என்று நம்பிவிடாதீர்கள். ஈயம் மக்கிப்போகாது. எரிந்த மனைகளில் அரசு ஒப்பந்தக்காரர்கள் 6 அங்குல மண்ணை அகற்றினார்கள். அதற்குப் பிறகு எஞ்சிய மண்ணைச் சோதிக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆகவே நாமே சோதிக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், காய்கறிப் பாத்தி, கூரைத் தண்ணீர் சொட்டும் சுவரோரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். கலந்தால் எங்கே கோளாறு என்று தெரியாது. விளையாடும் இடத்தில் மேல் ஒரு அங்குலம் போதும். பாத்தியில் 6 அங்குலம் தோண்டுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு புள்ளிகளில் எடுத்து, கல்லும் சருகும் நீக்கி, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து பையில் அடையுங்கள். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். ஆய்வகத்திடம் உரச்சத்துச் சோதனை கேட்காதீர்கள். ஈயம், ஆர்செனிக், காட்மியம், குரோமியம் ஆகிய நச்சுப் பொருள்கள் ஒவ்வொன்றின் மொத்த அளவும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஈயத்துக்குக் கலிஃபோர்னியாவின் அளவுகோல் கிலோவுக்கு 80 மில்லிகிராம். அமெரிக்க மத்திய அரசுடையது 200. பிள்ளைகள் உள்ள வீட்டில் 80-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்செனிக் இந்த மண்ணில் இயல்பாகவே கொஞ்சம் உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

முடிவு வரும்வரை உலர்ந்த துடைப்பமும் இலை ஊதும் இயந்திரமும் வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள். மண்ணைத் தொடும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். நம் வீடுகளில் இது பழக்கம்தான், தோட்டத்துச் செருப்பிலும் கண்டிப்பாக இருங்கள்.

அளவு கூடுதலாக வந்தால் முள்ளங்கி, கேரட், கீரை வகைகளை அந்த மண்ணில் போடாதீர்கள். தக்காளி, கத்தரி போன்றவற்றின் காய்க்கு ஈயம் குறைவாகவே ஏறும். ஆனாலும் வெளியிலிருந்து சுத்தமான மண் வாங்கி உயர்த்திய பாத்தி கட்டுவதையே நான் சொல்வேன். வெற்று மண்ணை மரச்சீவல் போட்டு மூடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், மண் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயப் பரிசோதனை கேளுங்கள்.