ரவிக்கைக்கு மேல் ஈசிஜி எடுக்காதீர்கள்

புது ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) கேஷுவாலிட்டிக்கு வரும்போதெல்லாம் எங்கள் காலத்துத் தவறுகளும் கூடவே டியூட்டிக்கு வந்துவிடுகின்றன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஆணை யாரும் கோட்டைவிடப் போவதில்லை. ஹார்ட் அட்டாக்கோடு வரும் பெண்களுக்கு நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

அரைகுறை ஈசிஜி

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, டாக்டர் பார்த்திருக்க வேண்டும். பெண் என்றால் "சிஸ்டர் வரட்டும், ஸ்கிரீன் எங்கே" என்றே அரை மணி ஓடிவிடும். சரி, அப்புறமாவது ஒழுங்காக எடுக்கிறார்களா? ரவிக்கையில் மேல் கொக்கி இரண்டைக் கழற்றி, நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி முனைகளில் வி1, வி2 இரண்டையும் காறை எலும்புக்குக் கீழேயே வைத்துவிடுவார்கள். மற்றவை கைக்கு எட்டிய இடத்தில்.

வி1, வி2 நான்காம் விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இருபுறமும் வர வேண்டும். வி4 ஐந்தாம் இடைவெளியில். மார்பகத்தைத் தூக்கி அதன் அடியில். இடம் மாறினால் இல்லாத அட்டாக் தெரியும், இருக்கிற அட்டாக் மறையும்.

சர்க்கரை உள்ள ஓர் அம்மா வந்தார். தாடை வலி, குமட்டல், அடித்துப்போட்ட மாதிரி அசதி. கேட்டதற்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார்: "வாயுதான் டாக்டர், நேத்து வாழைக்காய் சாப்பிட்டா." தாளைப் பார்த்த ஹவுஸ் சர்ஜன் பையன் "நார்மல்" என்றான். வி2-இல் பி அலை (ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் வரும் சிறிய அலை) தலைகீழாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை. மேலே தூக்கி வைத்ததற்கு அதுவே அடையாளம். ஸ்கிரீனை இழுத்து, ரவிக்கையைக் கழற்றி, துண்டு போர்த்தி மறுபடி எடுத்தோம். வி2 முதல் வி4 வரை கோட்டின் எஸ்டி பகுதி ஏறியிருந்தது; அட்டாக்கேதான். வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதியாகிவிட்டது அதற்குள்!

வாயு ஊசி

அமிலம் குறைக்கும் பேன்டோப்ரசோல் ஊசி போட்டதும் வலி குறைந்தால் அது வாயு என்று ஆகிவிடாது.

ஒரே ஈசிஜி, ஒரே ட்ரோபோனின்

வலி நிற்கவில்லையா, 15 முதல் 30 நிமிடத்தில் ஈசிஜியை மறுபடி எடுங்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதமான ட்ரோபோனினுக்குப் பெண்களின் வரம்பு தனி. பரவலாகப் புழங்கும் ஒரு உயர் நுண்ணுணர்வு சோதனையில் லிட்டருக்கு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 நானோகிராம். 20 வந்தால் ஆணின் வரம்பை வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

"சின்னப் பொண்ணுதானே"

பிரசவமான சில வாரங்களில்கூட இதயத் தமனியின் உட்சுவர் தானாகக் கிழிந்து அட்டாக் வரலாம்.

"மகன் வரட்டும்"

சுயநினைவோடு இருப்பவரிடமே கையெழுத்து வாங்குங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனை எடுக்கும்வரை ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி டிரேயில் கிடக்க வேண்டியதில்லை.