துல்லிய இயந்திரப் பணியில் தொழிற்பழகுநர் பயிற்சி: சேர்வது முதல் சான்றிதழ் வரை

கோவையின் பம்ப்செட் தொழிற்சாலைகளிலும், ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிசகாமல் வெட்டித் தரத் தெரிந்த டர்னருக்கும் (லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டுபவர்) மெஷினிஸ்டுக்கும் (மில்லிங் போன்ற வெட்டு இயந்திரங்களை ஓட்டுபவர்) எப்போதும் வேலை இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான நேரான வழி தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ்ஷிப். பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் பலர் முதல் நாளே இயந்திரத்தை ஓட்டத் துடிக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் முதலில் கைவர வேண்டியது அளவெடுப்பு. அளக்கத் தெரியாதவர் வெட்டிய பொருள் சரியாக வந்திருந்தாலும், அது சரியென்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சேரும் வழி

பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் ஆகிய பிரிவுகளில் ஒன்றை இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்வதே பரவலான வழக்கம். ஐடிஐ முடித்தவர்களுக்கு இப்பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும் என்று விதி இருப்பதால், இடங்களுக்குப் பெரிய பஞ்சமில்லை. மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, பிரிவையும் மாவட்டத்தையும் குறித்துத் தேடலாம்.

சேர்வதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்று, நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த இணையதளத்தில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் இறுதித் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. மற்றொன்று உதவித்தொகை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் கல்வித்தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை வகுத்தன. நீங்கள் சேரும்போது நடப்பில் உள்ள தொகையைப் பார்த்துக்கொண்டு, அது வங்கிக் கணக்கில் வருவதைக் கவனியுங்கள்.

உதவித்தொகையை விட முக்கியமாக நான் கருதுவது, அந்த ஓராண்டில் உங்கள் கை எந்தெந்த இயந்திரத்தின் மீது படும் என்பதுதான். சில இடங்களில் பழகுநரை ஒரே சிஎன்சி (கணினி நிரலால் இயங்கும்) இயந்திரத்தின் முன் நிறுத்தி, கதவைத் திறந்து ஜாபை (வெட்டப்படும் பொருளை) மாட்டுவதும் கழற்றுவதுமாக ஆண்டு முழுவதையும் கழிக்க வைத்துவிடுகிறார்கள். அது ஓர் இளைஞருக்குச் செய்யப்படும் அநீதி. ஆகவே நேர்முகத்தின்போதே, சாதாரண லேத், மில்லிங் (சுழலும் கட்டரால் வெட்டுதல்), கிரைண்டிங் (சாணைக்கல்லால் தேய்த்து முடித்தல்), தரப் பரிசோதனை அறை ஆகிய பிரிவுகளில் எத்தனை வாரங்கள் சுழற்சியில் அனுப்புவார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். டூல் ரூம் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவு) உள்ள நிறுவனம் கிடைத்தால், உதவித்தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பாதுகாப்பு

சுழலும் ஸ்பிண்டிலுக்கு (இயந்திரத்தின் சுழல் அச்சு) அருகே கையுறை, மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சட்டைக் கை எதுவும் கூடாது. சக் கீயை (ஜாபைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) சக்கிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை இயக்குவது உயிரைப் பறிக்கும் தவறு என்பதால், ஜாபை இறுக்கிய மறுகணம் கீ உங்கள் கையோடு வெளியே வந்துவிட வேண்டும். நீளமாகச் சுருண்டு வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது.

அளவெடுக்கக் கற்றல்

வரைபடத்தில் ஒரு தண்டின் விட்டம் 30 h6 என்று இருப்பதாகக் கொள்வோம். 30 என்பது மி.மீ.; h6 என்பது அனுமதிக்கப்பட்ட விலகலைக் குறிக்கும் குறியீடு. அதன் உயர்ந்த எல்லை 30.000 மி.மீ.; தாழ்ந்த எல்லை 29.987 மி.மீ. அதாவது உங்களுக்குத் தரப்பட்டுள்ள இடைவெளி 13 மைக்ரான் மட்டுமே. கையில் இருக்கும் வெர்னியர் காலிப்பரின் மிகச் சிறிய அளவீடே 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான் என்பதால், அதை வைத்து இந்தத் தண்டைப் பற்றி எதுவும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 0.01 மி.மீ. காட்டும் சாதாரண மைக்ரோமீட்டரும் போதாது. இங்கே 0.001 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டரோ, ஸ்லிப் கேஜை (துல்லிய அளவு கொண்ட கட்டை) வைத்து அமைத்த கம்பரேட்டரோ (அந்த அளவிலிருந்து ஜாப் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கருவி) தேவைப்படும். கருவியின் மிகச் சிறிய அளவீடு, அனுமதிக்கப்பட்ட இடைவெளியின் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்ற பழைய பட்டறை விதியைக் கொண்டு ஒவ்வொரு வரைபடத்துக்கும் கருவியைத் தேர்ந்தெடுக்கப் பழகுங்கள்.

மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் முறைக்கே சில வாரங்களை ஒதுக்கலாம். அளவிடும் இரு முகங்களையும் சுத்தமான தாளால் துடைக்க வேண்டும்; 25–50 மி.மீ. மைக்ரோமீட்டராக இருந்தால் அதனுடன் வரும் 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்துப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; ராட்செட்டை (அழுத்தம் மிகாமல் காக்கும் முனைக் குமிழ்) திருப்பி மட்டுமே மூட வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து, பிறகு தண்டைக் கால் சுற்றுத் திருப்பி அதே இடங்களில் மீண்டும் அளந்தால், டேப்பர் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தல்) விழுந்திருக்கிறதா, வட்டம் கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது வெப்பம். அளவெடுப்புக்கான பன்னாட்டு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரிகிறது. வெட்டி முடித்த சூட்டில், கருவியைவிட 30 டிகிரி கூடுதலான வெப்பத்தில் இருக்கும் 30 மி.மீ. தண்டு, சுமார் 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 29.990 என்று அளந்து மகிழ்ந்தால், ஆறியபின் அது 29.980-க்கு இறங்கி ஸ்கிராப்புக்குப் போய்விடும். ஜாபும் கருவியும் ஒரே மேசை மீது சற்று நேரம் கிடந்து ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளப்பது ஒன்றே இதற்கு வழி. நம் ஊர்ப் பட்டறைகளில் கோடை நண்பகலில் ஏற்படும் அளவுத் தகராறுகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

லேத்தில் கை பழகுதல்

சிஎன்சி காலத்தில் சாதாரண லேத் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டும் டூலின் முனை மழுங்கும்போது சத்தம் மாறுவதையும், ஜாப் அதிர்வதையும், சீவலின் நிறம் மாறுவதையும் கண்ணாலும் காதாலும் உணர்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சுழல் வேகத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தையும் பை (π) மதிப்பையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று கிடைக்கும். மென் எஃகை ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்டுவதாக இருந்தால், 30 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 320 சுற்று வரும். கார்பைடு இன்செர்ட்டில் (டூலில் மாட்டி மாற்றக்கூடிய கடின வெட்டுமுனை) 150 மீட்டர் என்று கொண்டால் அதே விட்டத்துக்குச் சுமார் 1,600 சுற்று.

கடைசி அளவைப் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முடிக்க வேண்டிய அளவுக்கு மேல் 0.6 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, முதலில் விட்டத்தில் 0.3 மட்டும் குறையுமாறு வெட்டி, ஆறவிட்டு அளந்து பாருங்கள். டூலும் ஜாபும் சற்று வளைந்து கொடுப்பதால் உண்மையில் 0.28 மட்டுமே குறைந்திருக்கலாம். அந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய அதே ஆழத்தில் கடைசி வெட்டைக் கொடுத்தால் அளவு வந்து நிற்கும். பயந்து பயந்து 0.02, 0.02 என்று சுரண்டினால் டூல் வெட்டாமல் உரசத் தொடங்கி, அளவும் மேற்பரப்பும் ஒருசேரக் கெடும். கைச்சக்கரத்தைக் குறித்த கோட்டுக்கு மேல் திருப்பிவிட்டால், அதே கோட்டுக்கு நேரே பின்னுக்குத் திருப்பி நிறுத்தாமல், அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் போய் மீண்டும் முன்னோக்கி வந்தே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் திருகின் பேக்லாஷ் (திருகுக்கும் மரைக்கும் இடையிலான தளர்ச்சி) கணக்கைக் குழப்பிவிடும்.

முதல் பயிற்சி ஜாப்களுக்கு ±0.05 மி.மீ. போதும். தொடர்ந்து நான்கைந்து ஜாப்கள் அந்த எல்லைக்குள் வந்தபின் ±0.02-க்கு இறங்குங்கள்.

சிஎன்சிக்கு மாறும்போது

இயந்திரத்துக்குக் கட்டளையிடும் ஜி, எம் கோடுகளை மனப்பாடம் செய்வது எளிது. விபத்து நடப்பது பெரும்பாலும் ஆஃப்செட்டில்தான் (டூலும் ஜாபும் இருக்கும் இடத்தை இயந்திரத்துக்குச் சொல்லும் அளவு). புதிய புரோகிராமை முதன்முறை ஓட்டும்போது ரேபிட் (வெட்டாமல் நகரும்) வேகத்தைக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் ஓடும் நிலை) வைத்து, ஒவ்வொரு வரிக்கும் திரையில் மீதமுள்ள தூரத்தையும் டூலுக்கும் ஜாபுக்கும் இடையே கண்ணில் தெரியும் தூரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். ஃபானக் நிறுவனத்தின் கன்ட்ரோலில், விட்டம் 30 மி.மீ. என்பதற்கு X30. என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிட்டால், அமைப்பைப் பொறுத்து இயந்திரம் அதை 0.030 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளக்கூடும், டூல் நேராக ஜாபின் மையத்தை நோக்கிப் பாயும்.

அதே 30 h6 தண்டில் முதல் ஜாப் 30.012 என்று வருகிறது என்றால், எல்லையின் நடுப்பகுதியான 29.994-ஐக் குறிவைத்து, டூல் தேய்மானத்தைச் சரிசெய்யும் வேர் ஆஃப்செட்டில் X-க்கு −0.018 கொடுக்க வேண்டும். எல்லைக்குள் வந்தால் போதும் என்று 29.999-இல் விட்டுவிட்டால், இன்செர்ட் தேயத் தேய அடுத்த சில ஜாப்களே 30-ஐத் தாண்டிவிடும். எந்த ஜாப்பில் எவ்வளவு மாற்றினீர்கள், எத்தனையாவது ஜாப்பில் இன்செர்ட்டை மாற்றினீர்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

பயிற்சி முடியும் தறுவாயில்

காலம் முடிந்ததும் அகில இந்தியத் தொழிற்பழகுநர் தேர்வை எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி தந்த நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே கடைசி மூன்று மாதங்களிலேயே வேறு இடங்களிலும் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். மேலே படிக்க விரும்புபவர்கள் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம், கோவையில் உள்ள ஜீடீ தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றின் பாடப்பிரிவுகளை விசாரித்துப் பார்க்கலாம். நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பட்டறைப் பொறுப்பாளர் ஒரு வரைபடத்தைத் தந்தால், எந்தக் கருவியால் எங்கெங்கே அளப்பீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வெட்டும் வரிசையைச் சொல்லுங்கள்.