அச்சில் பெயர் தப்பாக வந்தால் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் புதிதாக எழுத வந்திருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். முதல் கட்டுரை, நல்ல பத்திரிகை, தலைப்புக்குக் கீழே வேறு யாரோ ஒருவரின் பெயர். "ஆசிரியர்கிட்ட பேசிட்டேன் அக்கா. ஸாரி சொன்னார். நானும் பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது. 14 வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

இந்த வருடம் இப்படி என்னிடம் பேசிய மூன்றாவது ஆள் அவள். கோபத்தில் ஃபேஸ்புக்கில் எழுதாதே, மரியாதையாகப் பேசு என்பதெல்லாம் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. தெரியாமல் செய்வதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கண்ணில் படுகிற இடத்தை மட்டும் திருத்தச் சொல்வது

என் முதல் மொழிபெயர்ப்பு நூல் சென்னைப் புத்தகக் காட்சிக்காக அவசர அவசரமாக அச்சானது. அட்டையில் என் முன்னெழுத்து 'சு.' என்பதற்குப் பதிலாக 'சி.' என்று வந்துவிட்டது. ஓர் எழுத்துதானே என்று தோன்றும். ஆனால் 'சி.' போட்டு அதே பெயரில் இன்னொருவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார், அவரும் மொழிபெயர்ப்பவர்தான்.

பதிப்பாளர் நல்ல மனிதர். மறுநாளே சரியான பெயரை ஸ்டிக்கராக அடித்துக் கொண்டுவந்தார். அரங்கின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, பிரதி பிரதியாக நானே அட்டைமேல் ஒட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன்.

உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. தலைப்புப் பக்கத்தில் 'சி.' அதற்குப் பின்பக்கம், பதிப்பு விவரங்களில் 'சி.' பின்னட்டையில் என்னைப் பற்றிய குறிப்பிலும் 'சி.'

நூலகத்தில் பட்டியல் தயாரிப்பவர் பெயரை எடுப்பது அட்டையிலிருந்து அல்ல, தலைப்புப் பக்கத்திலிருந்து. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அப்படிப் போகிற பிரதிகளில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பதிவாகும். கடையில் புத்தகம் தீர்ந்த பிறகும் அங்கே அது இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு. அச்சகத்துக்குப் போனது பழைய கோப்பு. நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டியது காகிதத்தில்தானே, கோப்பில் யாரும் கை வைக்கவில்லை. அதே கோப்பிலிருந்து மின்னூலும் போட்டார்கள். அப்புறம் வேறொரு பதிப்பகம் ஒரு பெரிய நாவலை எனக்குக் கொடுப்பதாக இருந்தது. இணையக் கடையில் தேடிப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் செய்ததுதானா?" என்று கேட்டார்கள். ஏழு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. நாவல் வேறு ஒருவருக்குப் போனது.

ஆகவே புத்தகம் கைக்கு வந்ததும் உங்கள் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று எழுதுங்கள்: அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பின்னட்டை, மின்னூல், இணையக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி போதும். இப்போது இருப்பது இது, இருக்க வேண்டியது இது. போனில் பேசினாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். விற்காத பிரதிகளில் தலைப்புப் பக்கத்தை ஒட்டிப் பிழைதிருத்தச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, மூலக் கோப்பைத் திருத்தி, திருத்திய பக்கங்களைப் பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை வாரம் ஒரு முறை கேளுங்கள். "ஐஎஸ்பிஎன் மாற்ற வேண்டியிருக்கும், சிரமம்" என்று, நூலின் அடையாள எண்ணைக் காரணம் காட்டிச் சிலர் சொல்வார்கள். பெயரில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு அது தேவையே இல்லை.

பத்திரிகை என்றால் அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள். அதை நாலு பேர் பார்த்தால் அதிகம். இணையத்தில் இருக்கும் பக்கத்தை அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

பக்க வடிவமைப்பாளர்மேல் பாய்வது

வேண்டாம். முந்தைய இதழின் பக்கத்தை எடுத்து அதன்மேல்தான் புதுக் கட்டுரையைப் போடுகிறார்கள். பழைய பெயர் தங்கிவிடுகிறது.

நம் பெயரை நாமே நாலு விதமாக எழுதுவது

மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் வீட்டில் கூப்பிடும் பெயர், கட்டுரைக் கோப்பில் பெயரே இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் அடிப்பவருக்கு லகரமா ளகரமா என்று எப்படித் தெரியும்? 'கே' என்ற முன்னெழுத்து க.வா, கு.வா, கோ.வா? போதாததற்கு, ஒருங்குறியில் (யூனிகோடில்) அனுப்பியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதும் உண்டு. அச்சில் வர வேண்டிய பெயரைத் தமிழில், புள்ளி இடைவெளியோடு, ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எழுதிவிடுங்கள். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் திருத்தம் பார்க்க அனுப்பும் பிரதி, வந்தால் முதலில் பெயரைப் படியுங்கள். அந்த நூலின் மெய்ப்பை நான் இரண்டு முறை வரி வரியாகப் பார்த்தேன், தலைப்புப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போய்விட்டேன்.

முதல் கடிதத்திலேயே சட்டம் பேசுவது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கடிதங்களிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். "அதான் பணம் வாங்கிட்டீங்களே" என்று யாராவது சொன்னால் மட்டும் அன்றைக்கே அந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்.

பணம் எந்தப் பெயரில் வருகிறது என்று பார்க்காமல் விடுவது

பத்திரிகையில் தப்பாக வந்த பெயர் கணக்குப் பிரிவுக்கும் போயிருக்கலாம். காசோலைக்கு ஆயுள் 3 மாதம்தான், அதற்குள் மாற்றி வாங்க வேண்டும். வரி பிடித்திருந்தால் யாருடைய பான் எண்ணில் கட்டினார்கள் என்று கேளுங்கள். வேறொருவர் எண்ணில் கட்டியிருந்தால் உங்கள் வரிக் கணக்கில் அந்தத் தொகை வராது. அதைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டியவர்கள் பிடித்தவர்கள்தான், நம்மால் முடியாது.

அந்தப் பெண்ணின் காசோலை இந்த வாரம் வந்தது. அதிலும் அந்த இன்னொருவர் பெயர்தான். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பான் எண்ணோடு ஆசிரியருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.