தியானத்தில் பலரும் சறுக்கும் இடங்கள்

பௌர்ணமி அன்றைக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர்கள் பலர் சொல்வது, "அங்கே இருக்கும்போது மனசு அப்படியே அடங்கிடுது, வீட்டுக்கு வந்தா பழைய கதைதான்." தியானத்தை ஒரு ஊருக்கும் ஒரு நாளுக்கும் என்று ஒதுக்கி வைத்துவிடுவதுதான் என் பார்வையில் முதல் தவறு. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் பல வருடம் விருபாட்ச குகையில் இருந்தார், சரி. அதே ரமணர் பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்பே உட்கார்ந்து காய் நறுக்கியவரும்தான். குகையைப் பேசுகிற அளவுக்கு நாம் அந்தச் சமையலறையைப் பேசுவதில்லை.

அடுத்தது எல்லோரும் விழும் பள்ளம்: மனம் காலியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. கண்ணை மூடி இரண்டு நிமிஷம் ஆகாது. கேஸ் புக் பண்ணணும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்று வரிசையாக வரும். உடனே "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று எழுந்துவிடுகிறோம். ஆனால் பயிற்சி நடப்பதே அந்த இடத்தில்தான். மனம் ஓடும், ஓடிவிட்டது என்று தெரியும், திட்டாமல் மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிஷத்தில் ஐம்பது தடவை திரும்பினாலும் அது நல்ல தியானம்தான். ஒளி தெரிந்ததா, உடம்பு அதிர்ந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவது வீண்வேலை.

மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கிறவர்களும் உண்டு. யோகத்துக்குப் பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டு அங்கங்களில் மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் நான்காவது, தியானம் ஏழாவது, இரண்டும் வேறு. வீடியோ பார்த்து வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும்; தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். அதை "சக்தி ஏறுது" என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முட்டி வலிக்கிறவர் பத்மாசனம் போட வேண்டியதில்லை, நாற்காலியே போதும். வேலூர் வெயில் நமக்குத் தெரியும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பூஜை அறையைச் சாத்திக்கொண்டு வேர்த்து வடிவது தவமல்ல. மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று கிளம்புகிறவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தினமும் பத்து நிமிஷம் நிலைக்கும்.

மற்ற நேரத்துக்குப் பாத்திரம் கழுவுவதையே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரின் குளிர்ச்சி, கையில் வழுக்கும் சோப்பு, தட்டின் சத்தம், இவ்வளவுதான் கவனம். பக்கத்தில் போனில் சீரியல் ஓடினால் கணக்கில் வராது. காட்பாடி ஸ்டேஷனில் ரயில் தாமதமாகும்போது நின்றபடியே பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கலாம். வண்டி ஓட்டும்போது மட்டும் மூச்சைக் கவனிக்க வேண்டாம், ரோட்டைப் பாருங்கள்.

தியானம் ஆரம்பித்த தைரியத்தில் பி.பி. மாத்திரையையோ மனநல மருந்தையோ தானாக நிறுத்துவது ஆபத்து. கடும் மனச்சோர்வு, காதில் குரல் கேட்பது, பழைய அதிர்ச்சி போன்ற பிரச்சினை உள்ளவர்களில் சிலருக்கு நீண்ட நேரம் கண்மூடி உட்கார்ந்தால் தொந்தரவு கூடும். அப்படிப்பட்டவர்கள் பத்து நாள் மௌன முகாமுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.